"தமிழ்ப் பிள்ளைதானே" என்று விட்டுவிடாதீர்கள்: அகதிப் பிள்ளைகளை மலைப் பள்ளியில் நிலைக்கச் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கம் ஜூன் மாதம் பள்ளி மழையோடுதான் திறக்கும். அப்படி ஒரு திங்கட்கிழமை காலை, ஐந்தாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த சிறுவன் எழுந்து நின்று, "கொப்பி கொண்டுவரவில்லை, ரீச்சர்" என்றான். "காப்பியா? பள்ளிக்கூடத்துக்கு எதற்குக் காப்பி?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் சொன்னது நோட்டுப் புத்தகத்தை. இலங்கையில் அதற்குக் கொப்பி என்றுதான் பெயர். அதற்குப் பிறகு ஒன்பது பள்ளி நாள்கள் அவன் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

இதில் எனக்குக் கூடுதல் வெட்கம் ஒன்று உண்டு. என் தாத்தாவும் பாட்டியும் இலங்கையின் மலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பிறகு இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கொப்பி என்ற சொல்லைப் பாட்டி வாயில் ஆயிரம் முறை கேட்டு வளர்ந்தவள் நான். வகுப்பறையில் கையில் சாக்பீஸோடு நின்றதும் காது மாறிவிட்டது.

எங்கள் ஊரில் ஜார்க்கண்டிலிருந்து தேயிலைக் கொழுந்து பறிக்க வரும் குடும்பங்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அப்படி ஒரு பிள்ளை சேர்ந்தால் உடனே இந்தி தெரிந்த ஆள் யார் என்று தேடுகிறோம், படம் போட்ட அட்டைகளை எடுக்கிறோம், மூன்று மாதம் பொறுமையாக இருக்கிறோம். இலங்கையிலிருந்து வந்த பிள்ளைக்கு இவை எதுவும் நடப்பதில்லை. "தமிழ்ப் பிள்ளைதானே, என்ன சிரமம்?" என்று கடைசி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். இந்தப் பிள்ளைகள் சறுக்குகிற இடம் அதுதான் என்பது என் அனுபவம். கீழே உள்ளவை ஆசிரியர்களுக்கும், வீட்டில் இடம் கொடுத்திருக்கும் உறவினர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்களுக்குமாக எழுதியவை.

தொடங்கும் முன்: 'சிலோன்காரர்' என்றால் யார்?

நீலகிரியில் அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வரலாறுகளை அடைத்துவைத்திருக்கிறோம். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவானது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. மனிதர்களைத் தேங்காய்போல எண்ணிப் பிரித்த கணக்கு அது. அப்படி வந்தவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது; அதுதான் பிறகு டான்டீ நிறுவனம் ஆனது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் இருக்கும் இவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தியக் குடிமக்கள்.

இரண்டாவது வரலாறு 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு படகேறி வந்தவர்களுடையது. இவர்கள் சட்டத்தின் பார்வையில் இன்றும் வெளிநாட்டவர். 2009இல் போர் முடிந்த பின்னும் வருகை முற்றாக நிற்கவில்லை. 2022 மார்ச்சிலிருந்து, இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் அரிசியும் பால்மாவும் வாங்க முடியாமல் தனுஷ்கோடிக் கரைக்கு வந்த குடும்பங்களும் உண்டு. முகாம்கள் பெரும்பாலும் சமவெளியில் இருக்கின்றன. 2021இல் அவற்றின் பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றப்பட்டது. அங்கிருந்து மலையில் உள்ள சொந்தக்காரர்களை நம்பி வரும் குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன்.

இந்த வேறுபாடு தெரியாவிட்டால் படிவத்தில் தவறு நடக்கும். பிள்ளையிடம் கேட்கும் கேள்வியிலும் நடக்கும்.

முதல் படி: காகிதம்

சேர்க்கைக்கு வரும் தாய் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். அதில் சிலசமயம் எல்லாம் இருக்கும், சிலசமயம் ஒரு பதிவு அட்டையின் நகல் மட்டும் இருக்கும். எது இல்லாவிட்டாலும் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள 'ஒவ்வொரு குழந்தையும்' என்றுதான் சொல்கிறது; 'ஒவ்வொரு குடிமகனும்' என்று சொல்லவில்லை. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் மறுக்கக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதும் காரணம் ஆகாது. பிறப்புச் சான்றிதழே இல்லையென்றால் மருத்துவமனைப் பதிவு, அங்கன்வாடிப் பதிவு, அதுவும் இல்லையென்றால் பெற்றோரின் உறுதிமொழி போதும். ஆதார் இல்லாததால் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது.

இவற்றைத் தலைமையாசிரியரிடம் சட்டம் பேசுவதுபோல் சொல்ல வேண்டாம். "இதற்கு முன் இப்படிச் சேர்த்திருக்கிறோம்" என்று ஒருவர் கூடப் போய்ச் சொன்னால் வேலை நடக்கும். தாயைத் தனியாக அனுப்பாதீர்கள் என்பதுதான் இதில் உள்ள முக்கியமான வரி.

பெயர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இலங்கையில் தந்தை பெயர் முன்னால் முழுதாக வரும். நம் ஊரில் அது ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிடும். இலங்கைப் பிள்ளைகளின் பெயர்களை நம் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினால் மூன்று காகிதத்தில் மூன்று பெயர் இருக்கும். பிறப்புச் சான்றிதழில் அல்லது பதிவு அட்டையில் எப்படி இருக்கிறதோ, ஆங்கில எழுத்துக் கூட்டல் உட்பட, அப்படியே பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஐந்தாம் வகுப்பில் விழுந்த ஒரு புள்ளி பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் வந்து வழி மறிக்கும்.

முகாமுக்கு வெளியே தங்குகிறவர்கள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பள்ளி நேரத்தில் பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு இழுக்க வேண்டாம். பெற்றோர் இல்லாமல், உறவினரோடு மட்டும் வந்த பிள்ளை என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கோ தெரிவிப்பது அவசியம். பாட்டி நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பு யார் என்பது காகிதத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: எந்த வகுப்பு?

வயதுக்கு ஏற்ற வகுப்பு. சட்டமும் அதைத்தான் சொல்கிறது, என் அனுபவமும் அதைத்தான் சொல்கிறது. இலங்கையில் வகுப்பைத் 'தரம்' என்பார்கள். தரம் 5 என்றால் ஏறக்குறைய நம் ஐந்தாம் வகுப்பு. ஆனால் அங்கே கல்வியாண்டு வழக்கமாக ஜனவரியில் தொடங்கும், இங்கே ஜூனில். இந்த ஆறு மாத வித்தியாசத்தைக் காரணம் காட்டி ஒரு வகுப்பு கீழே இறக்கிவிடுகிறார்கள். 11 வயதுப் பிள்ளையை 10 வயதுப் பிள்ளைகளோடு உட்காரவைத்தால் பாடம் வரலாம், ஆள் வரமாட்டான்.

விடுபட்ட பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. எங்கள் பள்ளியில் மதிய உணவுக்குப் பின் 20 நிமிடம் ஒதுக்கினோம். அவ்வளவுதான் முடிந்தது. அவ்வளவே போதுமானதாகவும் இருந்தது.

மூன்றாம் படி: முதல் வாரம்

இலங்கையில் நாடு முழுவதும் பள்ளிச் சீருடை வெள்ளை. அந்தச் சிறுவனின் தங்கை முதல் நாள் வெள்ளைச் சட்டையில் வந்தாள். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை செம்மண் சேறு. பள்ளி வாசலில் நின்று, கணுக்கால் வரை தெறித்திருந்த சேற்றைக் கையால் துடைத்துத் துடைத்து, அது பாவாடை முழுக்கப் பரவி, அவள் உள்ளே வர மறுத்தாள். எங்கள் சத்துணவு அமைப்பாளர் அக்கா ஒரு குவளை வெந்நீரும் பழைய துணியும் கொண்டுவந்து, ஒன்றும் கேட்காமல் கால்களைக் கழுவிவிட்டார். முதல் வாரத்தில் யார் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

காலை வணக்கக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடும்போது இவர்கள் உதடு அசையாமல் நிற்பார்கள். தெரியாது, அங்கே அந்தப் பாட்டு இல்லை. ஒரு உடற்கல்வி ஆசிரியர் அதை மரியாதைக் குறைவு என்று எண்ணித் தனியே நிற்கவைத்ததைப் பார்த்திருக்கிறேன். சேர்ந்த நாளன்றே வரிகளை எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு வாரம் போதும்.

துணைக்கு ஒரு பிள்ளையை நியமியுங்கள். வகுப்புத் தலைவரை நியமிக்காதீர்கள். தலைவர்கள் அதிகாரம் செய்வார்கள். முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளையும் வேண்டாம். தோட்டத் தொழிலாளர்களின் அதே லைன் வீடுகளிலிருந்து வருகிற, நடுத்தரமாகப் படிக்கிற, வாய் ஓயாத பிள்ளை யாராவது இருக்கும். அதுதான் சரியான துணை. எங்கள் பள்ளியில் அந்தச் சிறுவனுக்கு வாய்த்தவன் ஒரு மலையாளம் பேசும் வீட்டுப் பையன். காரணம் எளிது: சிறுவன் சாப்பாட்டில் புட்டு வேண்டும் என்று சொன்னபோது மற்றவர்கள் விழித்தார்கள், இவன் மட்டும் "எங்கள் வீட்டில் தினமும் புட்டுதான்" என்றான். தமிழ் பேசுகிறவர்கள் சேர்க்காத பிள்ளையைக் குழாய்ப் புட்டு சேர்த்துவிட்டது.

காலை உணவுத் திட்டம் இங்கே பெரிய உதவி. 2022 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த திட்டம் அது. உப்புமாவும் பொங்கலும் முதலில் இறங்காது. கட்டாயப்படுத்தாமல், பந்தியில் உட்காரவைத்தால் போதும்.

நான்காம் படி: சொற்பட்டியல்

வழிகாட்டியின் நடுப்பகுதி இதுதான். மற்றதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

வேறு சொற்கள் பெரிய தொல்லை இல்லை. கதிரை என்றால் நாற்காலி, வெண்கட்டி என்றால் சாக்பீஸ், சப்பாத்து என்றால் ஷூ, சவர்க்காரம் என்றால் சோப்பு, துவாய் என்றால் துண்டு. பிள்ளை கையைக் காட்டிச் சொன்னால் நமக்குப் புரிந்துவிடும். நமக்கும் அவர்களுக்கும் ஒரே சொல் இருந்து பொருள் மட்டும் மாறுகிறதே, அங்கேதான் ஆபத்து.

'அதிபர்' என்றால் அங்கே தலைமையாசிரியர். "அதிபரிடம் சொன்னேன்" என்று பிள்ளை சொன்னால் இங்கே சிரிப்பார்கள். 'தவணை' என்றால் அங்கே பருவம். இங்கே கடன் கட்டுவது. 'சோதனை' என்றால் அங்கே தேர்வு. இங்கே அதிகாரிகள் கதவைத் தட்டுவது. 'அடிமட்டம்' என்றால் கோடு போடும் ஸ்கேல். "என் அடிமட்டத்தை எடுத்துவிட்டான்" என்று ஒருத்தி புகார் செய்தபோது, அவளை யாரோ கீழ்த்தரமாகத் திட்டிவிட்டதாக நினைத்து நான் விசாரணையே நடத்தியிருக்கிறேன். 'ஆறுதலாக' என்றால் மெதுவாக, நிதானமாக. "ஆறுதலாகச் சொல்லித்தாங்கோ" என்று கேட்கும் பிள்ளை அழுதுகொண்டிருக்கவில்லை. வேகமாகப் போகாதீர்கள் என்கிறது.

எல்லாவற்றையும்விட மோசமானது 'விளங்கவில்லை'. அங்கே அது "புரியவில்லை" என்பதற்கான சாதாரணச் சொல். நம் வாயில் 'விளங்காது' என்பது சாபம். "விளங்கவில்லை, சேர்" என்று எழுந்து நின்று பணிவாகச் சொன்ன மாணவனை, எதிர்த்துப் பேசுகிறான் என்று வெளியே அனுப்பியவர்கள் உண்டு. எல்லா மாணவர்களும் கேட்க மாட்டார்களா என்று நாம் ஏங்குகிற ஒரே வாக்கியம் அதுதான். அதைச் சொன்னவனை வெளியே நிறுத்தினால் வேறு எவன் சொல்வான்?

ஆறாம் வகுப்புக்கு மேலே போனால் பாடப் புத்தகத்திலேயே இரண்டு தமிழ். அங்கே விஞ்ஞானம், இங்கே அறிவியல். இரசாயனவியல், இங்கே வேதியியல். பௌதிகவியல், இங்கே இயற்பியல். ஒட்சிசன் இங்கே ஆக்சிஜன். கலம் இங்கே செல், இழையம் இங்கே திசு. ஒளித்தொகுப்பு இங்கே ஒளிச்சேர்க்கை. அட்சரகணிதம் இங்கே இயற்கணிதம், கேத்திரகணிதம் இங்கே வடிவியல். எட்டாம் வகுப்பில் சேர்ந்த ஒரு மாணவிக்கு அறிவியலில் 11 மதிப்பெண் வந்தது. அதே கேள்விகளை அவளுடைய சொற்களில் மாற்றி வாய்மொழியாகக் கேட்டேன். தாவரம் உணவு தயாரிப்பதைக் கரும்பலகையில் படம் வரைந்தே விளக்கினாள். அறிவு இருந்தது, அதன் மேல் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு மட்டும் வேறு.

செய்ய வேண்டியது இது. ஒரு பெரிய அட்டையில் இரண்டு பத்தி வரையுங்கள். இடப்பக்கம் அவர்கள் சொல், வலப்பக்கம் நம் சொல். மேலே 'இலங்கை', 'தமிழ்நாடு' என்று எழுதுங்கள். 'தவறு', 'சரி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தப் பிள்ளையே எழுதட்டும். ஒரு நாளைக்கு மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம். நான் மூன்றாவது பத்தி ஒன்றைப் போட்டு, படுகர் வீட்டுப் பிள்ளைகளையும் பணியர் பழங்குடிப் பிள்ளைகளையும் தங்கள் சொல்லை எழுதச் சொன்னேன். அதற்கப்புறம் அது இலங்கைப் பிள்ளையின் அட்டையாக இல்லாமல் வகுப்பின் அட்டை ஆனது. பணியர் பிள்ளைகள் வகுப்பில் அதிகம் பேசாதவர்கள். அட்டை வந்த வாரம் அவர்கள்தான் அதிகம் பேசினார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை.

முதல் பருவம் முழுவதும் விடைத்தாளில் இருபுறச் சொல்லையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டாம் பருவத்தில் நம் புத்தகச் சொல்லைக் கேளுங்கள். பொதுத்தேர்வுத் தாளைத் திருத்துபவர் யாரென்று நமக்குத் தெரியாது. அங்கே ஒட்சிசன் எழுதினால் மதிப்பெண் போகலாம்.

ஒரு குறிப்பு. அட்டன், நுவரெலியா போன்ற மலையகத்திலிருந்து வரும் பிள்ளைகளின் பேச்சு நம் பேச்சுக்கு நெருக்கமாக இருக்கும். அதை நம்பி ஏமாறாதீர்கள். அவர்கள் படித்த புத்தகமும் அதே இலங்கைப் புத்தகம்தான்.

ஐந்தாம் படி: குளிர், மழை, யானை

மன்னாரிலிருந்து வந்த பிள்ளைக்கு ஸ்வெட்டர் என்பதே புதிது. மலைப்பகுதி மாணவர்களுக்கு அரசு கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, காலணி தருகிறது. ஆனால் நடுவாண்டில் சேர்ந்த பிள்ளையின் பெயர் அளவெடுத்த பட்டியலில் இருக்காது. போன ஆண்டு மாணவர்களுக்குச் சிறியதாகிப்போனவற்றை வாங்கித் துவைத்து வைத்திருங்கள். வகுப்பில் எல்லார் முன்னாலும் கொடுக்காதீர்கள்.

மழைக்கால விடுமுறை எப்படி அறிவிக்கப்படும், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டால் யார் வீட்டில் நிற்க வேண்டும் என்பதைத் தாயிடம் சொல்லுங்கள். யானை நடமாட்டம் இருக்கும் வழிகளில் தனியே நடக்கக் கூடாது என்பதை நம் பிள்ளைகள் தாய்ப்பாலோடு கற்கிறார்கள். இவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முதல் நாளே சொல்லுங்கள், வழியையும் கூட நடந்து காட்டுங்கள்.

ஆறாம் படி: பயம்

இன்று தொடக்கப் பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள். போரை அவர்கள் பார்க்கவில்லை. அவர்களுடைய தாய்மார் பார்த்தவர்கள்.

ஒரு மாலை, பள்ளிக்கு எதிர்ச்சரிவில் வனத்துறையினர் யானையை விரட்டப் பட்டாசு வெடித்தார்கள். எங்கள் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக் குதித்தார்கள், அந்தச் சிறுவன் உட்பட. வாசலில் அவனை அழைத்துப்போக வந்திருந்த தாய் மட்டும், அடுத்த வெடிக்கு முன்பே மகனைத் தரையோடு இழுத்து அவன்மேல் கவிழ்ந்துவிட்டார். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டபோது அவருக்கே வெட்கம். சிறுவன் அன்று பட்டாசுக்குப் பயப்படவில்லை. அம்மாவைப் பார்த்துப் பயந்தான். மறுநாளிலிருந்து பட்டாசுக்கும் பயந்தான்.

அதனால் பிள்ளைக்கு ஆறுதல் சொல்வதற்கு முன், தாய்க்கு முன்கூட்டியே தகவல் சொல்லும் ஏற்பாடு செய்யுங்கள். "இன்று இந்தப் பக்கம் யானை நிற்கிறது, வெடிப்பார்கள்" என்ற ஒரு தொலைபேசி அழைப்பு எத்தனையோ பயத்தைக் குறைக்கும்.

பிள்ளைக்கே உரிய பயங்களும் உண்டு. படகில் வந்தவர்களைச் சிலசமயம் படகோட்டிகள் தனுஷ்கோடிக்கு முன்னால் உள்ள மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். தண்ணீரும் நிழலும் இல்லாமல் மீட்புக்குக் காத்திருந்த நேரத்தைப் பிள்ளை மறக்காது. பைக்காராவுக்குச் சுற்றுலா போனபோது படகு இல்லத்தில் எல்லாரும் வரிசையில் நிற்க, அவன் மட்டும் பேருந்திலிருந்து இறங்க மறுத்துவிட்டான். வற்புறுத்தாமல் ஒரு ஆசிரியர் அவனோடு பேருந்திலேயே உட்கார்ந்து வேர்க்கடலை தின்றார். அது சரியான முடிவு.

காக்கிச் சீருடையைக் கண்டால் ஒளிவது, கதவுக்கு அருகிலேயே உட்கார விரும்புவது, சாப்பாட்டை மீதம் வைத்துப் பைக்குள் மறைப்பது, திரும்பத் திரும்ப ஒரே படத்தை வரைவது, இவை சில வாரங்களில் தளர வேண்டும். தளராவிட்டால், தூக்கம் கெட்டால், பேச்சு முற்றிலும் நின்றுபோனால் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். "நீ எப்படி வந்தாய், கதை சொல்லு" என்று வகுப்பில் எழுப்பிக் கேட்பதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். 'அகதிகள்' பற்றிய பாடம் வரும் நாளில் எல்லார் கண்ணும் அந்தப் பிள்ளை மேல் திரும்பும். அன்று எடுத்துக்காட்டை வேறு நாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: கேலி

கேலி யாரிடமிருந்து வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? எங்கள் பள்ளியில் அதிகம் வந்தது தாயகம் திரும்பியோர் வீட்டுப் பேரப்பிள்ளைகளிடமிருந்துதான். அவர்கள் வீட்டுப் பெரியவர்களை இந்த ஊர் 40 ஆண்டு 'சிலோன்காரன்' என்று அழைத்தது. இப்போது அந்தப் பட்டத்தைக் கைமாற்றிவிட ஒரு ஆள் கிடைத்திருக்கிறது. என் அம்மா பள்ளியில் வாங்கிய அதே சொல்லை, என் அக்கா மகன் இன்னொரு பிள்ளையிடம் சொல்லக் கேட்டேன்.

திட்டிப் பயனில்லை. பாட்டியிடம் அழைத்துப் போனேன். "உன் தாத்தா வந்த புதிதில் இங்கே கடையில் 'சீனி' கேட்டு, கடைக்காரர் சிரித்தார்" என்று பாட்டி தொடங்கினார். அரை மணி நேரம் போயிற்று. அதற்குப் பிறகு அவன் அந்தச் சொல்லைச் சொன்னதை நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாமல் சொன்னானா என்பது வேறு விஷயம்.

ஆசிரியர்கள் ஓய்வறையில் பேசுவதும் பிள்ளைகளுக்குக் கேட்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பட்டப் பெயர் சொல்லி அழைப்பதும் அதில் சேரும் என்பதே என் கருத்து.

எட்டாம் படி: வீடும் ஊரும்

தாய் கொழுந்து பறிக்கப் போகிறார் என்றால் காலை 10 மணிக்குக் கூட்டம் வைத்தால் வரமாட்டார். வந்தால் அன்றைய கூலி போகும். நிறுவை முடிந்த மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ நீங்கள் போங்கள். லைன் வீட்டை அவர்கள் 'லயம்' என்பார்கள். உள்ளே உட்காரச் சொன்னால் உட்காருங்கள். தேநீர் கொடுத்தால் குடியுங்கள். சர்க்கரை இல்லாத நாளிலும் கொடுப்பார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தக் குழுவில் பாதிப் பேர் பெண்கள். இந்தத் தாய்மாரில் ஒருவரை உள்ளே கொண்டுவர முயலுங்கள். குடிமகள் அல்ல என்று யாராவது தயங்கினால், குழுவின் தகுதி பெற்றோராக இருப்பதுதான் என்று நினைவூட்டுங்கள்.

ஊரில் சேர்வதற்கு விளையாட்டும் கோயிலும் மாதா கோயிலும் பள்ளியைவிட வேகமாக வேலை செய்கின்றன. கிரிக்கெட்டுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. அவர்கள் ஆடும் கிளித்தட்டு நம் உப்புக்கோட்டின் உடன்பிறப்பு. விதிகளைப் பற்றி சண்டை போட்டே நண்பர்கள் ஆகிவிட்டார்கள். மாரியம்மன் திருவிழாவில் வரி வாங்கும்போது இந்தக் குடும்பத்திடமும் வாங்குங்கள், பத்து ரூபாயாக இருந்தாலும். வாங்காமல் விடுவதை நாம் இரக்கம் என்று நினைக்கிறோம். அவர்களுக்கு அது கணக்கில் சேர்க்காதது.

ஒன்பதாம் படி: எட்டாம் வகுப்புக்குப் பின்

பெரிய பிள்ளைகள் ஒரு நாள் கேட்பார்கள்: "நான் இங்கே போலீஸ் ஆக முடியுமா, மிஸ்?" உண்மையைச் சொல்லுங்கள். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு இந்தியாவிலேயே பிறந்திருந்தாலும், பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதமாகக் குடியேறியவர் என்று கருதப்பட்டால் பிறப்பால் குடியுரிமை கிடையாது. 2019இன் குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் நாட்டவரைப் பற்றியது. இலங்கைத் தமிழரை அது தொடவில்லை. அரசு வேலைத் தேர்வுகளை நம்பி ஒரு பிள்ளையை ஐந்து ஆண்டு ஓடவைத்துவிட்டுக் கடைசியில் படிவத்தில் நிறுத்துவது கொடுமை. செவிலியம், கணக்கியல், கணினி, சமையற்கலை, மின்பணி என்று தனியார் துறையிலும், எந்த நாட்டுக்குப் போனாலும் கைகொடுக்கும் படிப்பின் பக்கம் திருப்புங்கள். கல்லூரிக் கட்டணத்துக்கு அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையையும், எஸ்.சி. சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தையும் பிளஸ் டூ முடியும் முன்பே அணுகுங்கள்.

கடைசிப் படி: போகும் நாள்

இந்தக் குடும்பங்கள் சொல்லாமல் கிளம்பிவிடும். முகாமில் பதிவுச் சோதனை, ஊரில் ஒரு சாவு, திரும்பிப் போகலாம் என்று ஒரு முடிவு, எதுவாகவும் இருக்கலாம். அந்தச் சிறுவனும் ஏழாம் வகுப்புத் தொடங்கிய வாரத்தில் போய்விட்டான். பேருந்து 6.40க்கு, எனக்குத் தகவல் வந்தது 6.15க்கு. மாற்றுச் சான்றிதழைத் தபாலில் அனுப்ப மூன்று மாதம் ஆனது.

அதிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு உறை தயாராக வைத்திருக்கிறேன்: எமிஸ் எண், மதிப்பெண் பதிவின் நகல், வயதுச் சான்றின் நகல், தடுப்பூசி அட்டையின் நகல், எந்தப் பாடத்தில் எதுவரை வந்தது என்று என் கையெழுத்தில் அரைப் பக்கம், பள்ளியின் தொலைபேசி எண், சொற்பட்டியலின் ஒரு பிரதி. ஏழு தாள்கள். ஜனவரியில் ஒரு முறை, ஜூனில் ஒரு முறை புதுப்பிக்கிறேன். பிளாஸ்டிக் உறை ஒன்று போதும். ஜூனில் கிளம்புகிறவர்களுக்கு இரண்டு.